மாரி வெள்ளம் கீறித் தரும் வரைபடம்: வளவுத் தோட்டத்தை மழையில் திட்டமிடுதல்

2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு கிளிநொச்சியில் கொட்டிய மழையில் எங்கள் வளவுக்குள் முழங்காலளவு வெள்ளம் ஏறியது. கண்டாவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. விடியப் பார்த்தால், கிழமைக் கடன் எடுத்து நான் நட்ட 120 கத்தரிக் கன்றுகளும் மிளகாய்க் கன்றுகளும் தண்ணீருக்கு அடியில். மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. கன்றுகள் பச்சையாகத்தான் நின்றன. தப்பிவிட்டன என்று நினைத்தேன். வெயில் எறித்த முதல் நாளே ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகி மணத்தது. கடன் சேர்க்க வருபவர்கள் மட்டும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தார்கள். அதைக் கட்டி முடிக்க எனக்கு இரண்டு வருடம் சென்றது.

அதே வெள்ளத்தில், வளவின் வடகிழக்கு மூலையில், முன்னர் மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில், தானாக முளைத்த பூசணியும் பசளியும் ஒன்றும் நடக்காதது போல நின்றன. தண்ணீர் அந்த மூலைக்கு ஏறவேயில்லை. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து, இடம்பெயர்ந்த காலம் போக, நான் நடந்து திரிந்த காணி இது. அந்த மூலை மேடு என்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. கண்ணுக்கு எல்லாம் ஒரே மட்டமாகத்தான் தெரியும். உயர வித்தியாசம் ஒரு முழம்கூட வராது. அந்த 120 கன்றையும் நான் வைத்திருந்தது வளவின் ஆகப் பதிந்த இடத்தில்.

நான் விவசாயம் படித்தவள் அல்ல. எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டும், பக்கத்து வளவுகளைப் பார்த்தும், பெரும்பாலும் பிழைவிட்டும் கற்றுக்கொண்டவள். இப்போது ஒழுங்கையில் உள்ள பெண்கள் சிலர் மாரி தொடங்கும்போது வந்து “இந்த முறை என்ன வைப்பம்?” என்று கேட்கிறார்கள். எதை வைப்பது என்பதை விட எங்கே வைப்பது, மண்ணை என்ன செய்வது என்பதுதான் முதல் கேள்வி என்று அவர்களுக்குச் சொல்வேன். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறாள். அங்கே பனிக்காலத்தில் தோட்டமே இல்லை. நிலம் உறைந்து கிடக்கும். அந்த மாதங்களில் அவள் கொப்பியில் படம் கீறி, விதை வாங்கி, பங்குனியில் வீட்டுக்குள் மின்குமிழுக்குக் கீழே நாற்றுப் போட்டு, மே மாதம் மூன்றாம் கிழமைக்குப் பிறகுதான் வெளியே நடுவாள். “உங்களுக்கு என்ன, வருடம் முழுக்க வெயில்தானே” என்று தொலைபேசியில் சொல்லுவாள். வெயில் இருக்கிறது, தண்ணீர் அல்லவா இல்லை? வன்னியில் ஒரு வருடத்து மழையில் பெரும் பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விழுந்து முடிந்துவிடும். மிச்ச மாதங்களுக்குக் கிணறும் நாங்களும்தான். ஆகவே எங்கள் மாரியிலும் திட்டமிடும் வேலை இருக்கிறது. அவளுக்கு அது ஓய்வுக்காலம், எங்களுக்கோ நட்டுக்கொண்டே யோசிக்க வேண்டிய காலம்.

மழைக்குள் ஒரு தடவை நடவுங்கள்

நல்ல மழை பெய்து ஒரு மணித்தியாலத்துக்குள் குடையுடன் வளவைச் சுற்றி நடவுங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே ஓடுகிறது, எங்கிருந்து வளவுக்குள் நுழைந்து எதனால் வெளியே போகிறது என்று பாருங்கள். அடுத்த நாளும் அதே நடை. ஒரு நாளில் வற்றிய இடம் வேறு, மூன்று நாள் நின்ற இடம் வேறு. தண்ணீர் நின்ற எல்லையில் தடி ஊன்றி அடையாளம் வையுங்கள். மழை விட்ட பிறகு எல்லாம் மறந்துபோகும்.

தடி ஊன்றியபோது ஒரு சின்னச் சம்பவம். தெரிய வேண்டும் என்பதற்காக நான் சிவப்புத் துணி கிழித்துக் கட்டினேன். மாமி, அதாவது என் கணவரின் தாய், வாசலில் நின்று கத்தினார்: “அதை அவிழ்த்துப்போடு பிள்ளை!” மீளக் குடியேறிய காலத்தில் சிவப்புத் தடிக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது என்று சொல்லித்தானே எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவிழ்த்துவிட்டு, பழைய நீலச் சேலை ஒன்றைக் கிழித்துக் கட்டினேன். நீங்களும் வேறு நிறம் பாருங்கள்.

பிறகு பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் வளவைக் கீறுங்கள். வீடு, கிணறு, மலசலகூடம், மரங்கள், வேலி, தண்ணீர் நின்ற இடம், ஓடிய வழி. அழகாக வரத் தேவையில்லை. எட்டுப் பரப்புக் காணியில் தோட்டத்துக்கு ஒரு பரப்புப் போதும். ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 2,700 சதுர அடி. ஒரு குடும்பம் கறிக்கு ஆய்ந்து, மிஞ்சியதை அயலுக்கும் கடைக்கும் கொடுக்க அது காணும். முதல் மாரியில் அதிலும் கால்வாசியைச் செய்யுங்கள். எட்டுப் பரப்பையும் ஒரே முறையில் கொத்தியவர்கள் பங்குனியில் தண்ணீர் இறைக்க முடியாமல் விட்டதை நான் கண்டிருக்கிறேன்.

படத்தில் நிழலையும் குறியுங்கள். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். ஆனால் டிசெம்பரில் மத்தியான வேளையிலும் அது தெற்கே சாய்ந்துதான் நிற்கும். பத்து அடி உயரமான சுவர் அப்போது வடக்குப் பக்கத்தில் ஆறு அடிக்கு மேல் நிழல் போடும். ஆகவே வீட்டுக்கு வடக்கே சுவரோடு ஒட்டி வைத்த வெண்டி மாரியில் நெடுத்து வெளிறி நிற்கும். புடோல், பாகல், பயற்றை படரும் பந்தலைத் தோட்டத்தின் தெற்கில் போட்டால் அது மற்றப் பாத்திகளை மூடிவிடும். வடக்கு ஓரம்தான் அதற்குச் சரி. கோடைக்கு வேறு கணக்கு. அப்போது பிற்பகல் வெயில்தான் பயிரைக் கொல்லும். வீட்டுக்குக் கிழக்கே உள்ள பாத்திக்குப் பின்னேரம் வீட்டு நிழல் கிடைக்கும் என்பதால் பங்குனிக்குப் பிறகு கீரையை அந்தப் பக்கம் மாற்றுவேன்.

எங்கள் மண் தலைகீழான மண்

எங்கள் பக்கத்து வளவுகளில் மண்ணைப் பற்றி ஒரு விசேடமான பிரச்சினை இருக்கிறது. அதை எந்தக் கையேட்டிலும் நான் காணவில்லை.

எந்தக் காணியிலும் மேலே உள்ள அரை அடி, முக்கால் அடி மண்தான் பயிருக்கு உயிர். இலையும் சாணமும் உக்கி, புழு உழுது, பல வருடங்களில் உருவாகும் கறுப்பேறிய மண் அது. அதற்குக் கீழே இருப்பது சத்துக் குறைந்த, வெளிறிய, கல்லும் களியும் கலந்த அடிமண். 2008 கடைசியில் நாங்கள் பங்கர் வெட்டியபோது என்ன செய்தோம்? மேல்மண்ணை வழித்து மூடைகளில் நிரப்பி அடுக்கினோம். அடிமண்ணைத் தோண்டி வளவில் பரப்பினோம். பிறகு பாரவாகனங்கள் ஏறின, துப்புரவு செய்த இயந்திரங்கள் வழித்தன. 2010இல் திரும்பி வந்தபோது மண்மூடைகள் வெடித்து, அதற்குள் இருந்த நல்ல மண் மழையோடு போய்விட்டது. ஆகவே பல வளவுகளில் அடிமண் மேலே, மேல்மண் இல்லை. “எத்தனை தரம் உரம் போட்டும் இந்த மூலை மட்டும் வராது” என்று யாராவது சொன்னால், அங்கே முன்னர் என்ன இருந்தது என்று கேட்பேன். பங்கர் என்றோ காப்பரண் என்றோதான் பெரும்பாலும் பதில் வரும்.

உங்கள் மண் எப்படிப்பட்டது என்று பார்க்க ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சவர்க்காரத் தூள். நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் உடனே அடியில் படியும், அதன்மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே களி. மேலே மிதக்கும் குப்பைதான் உக்கல். எங்கள் வீட்டுப் போத்தலில் முதல் முறை மிதப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

இப்படிப்பட்ட மண்ணுக்கு ஒரே வருடத்தில் வைத்தியம் இல்லை. நான் மூன்று மாரி எடுத்தேன். மழை தொடங்கியவுடன் அந்த இடத்தில் கௌப்பியும் சணலும் நெருக்கமாக விதைத்து, பூக்கும் தறுவாயில் வெட்டி மண்ணோடு புரட்டிவிடுவேன். காய்க்க விட்டால் சத்துக் காய்க்குப் போய்விடும். கௌப்பியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள நைதரசனை அது பிடித்துத் தருகிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. கூடவே கிளிரிசிடியா, பூவரசு, வேம்பு ஆகியவற்றின் குழை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் குழையும் பனையோலையும் தாழ்த்து மண்ணைக் காப்பாற்றியது பழைய வழக்கம். என் அப்பா வேலியில் கதிகால் வைத்ததே பாதி குழைக்காகத்தான்.

ஈர மண்ணில் மண்வெட்டி போடாதீர்கள். இதைப் பலர் கேட்பதில்லை. ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் கொத்தலாம். களியாக ஒட்டிக்கொண்டு விரல் அடையாளம் பதிந்தால் இரண்டு நாள் பொறுங்கள். சேறாக இருக்கும்போது கொத்தி மிதித்த எங்கள் செங்கபில மண் தை வெயிலில் செங்கல்லாகிவிடும்.

மாரிக்குப் பாத்தி உயரமாக வேண்டும். மூன்று அடி அகலம், ஒரு அடி உயரம், இடையில் ஒன்றரை அடி வாய்க்கால். இரண்டு பக்கத்தில் இருந்தும் கை எட்டுவதால் பாத்தியில் மிதிக்கத் தேவையில்லை. வாய்க்கால்கள் பதிந்த பக்கத்தை நோக்கிச் சற்றுச் சரிவாக இருக்க வேண்டும். முடிவில் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். அயல் வளவுக்குள் திருப்பிவிட்டால் கத்தரிக்காய் வருகிறதோ இல்லையோ, சண்டை வரும். கோடையில் இதே பாத்தியைத் தலைகீழாக்க வேண்டும். அப்போது பயிர் பள்ளத்திலும் வரம்பு மேட்டிலும் இருந்தால்தான் ஊற்றிய தண்ணீர் நிற்கும்.

ஆழமாகக் கொத்தும் இடத்தில் இன்னொன்று. காணி துப்புரவு செய்து தந்ததுதான் என்றாலும், ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் மண் அரித்து ஏதோ ஒன்று மேலே வருகிறது. தெரியாத இரும்பு தட்டுப்பட்டால் கையை எடுங்கள். இழுக்கவோ தட்டிப்பார்க்கவோ வேண்டாம். பிள்ளைகளை விலக்கி, தூரத்தில் அடையாளம் வைத்து, கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். அதே காரணத்துக்காகத்தான் குப்பைக்கு நெருப்பு வைக்க வேண்டாம் என்றும் சொல்கிறேன். குப்பை எரித்தபோது வெடித்துக் காயப்பட்ட சம்பவங்கள் வடக்கில் பல தடவை நடந்திருக்கின்றன. எரிக்காமல் விட்டால் அந்தக் குப்பைதான் அடுத்த வருட உரமும்.

கூட்டெருவும் அந்தப் பங்கர் கிடங்கும்

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடையை நீக்கியது. ஒரே போகத்துக்குள் சேதனப் பசளைக்கு மாறச் சொல்லி நெல் விவசாயியை அந்தரிக்க விட்டது அநியாயம். ஆனால் வீட்டுத்தோட்டம் வேறு. அந்த வருடம் யூரியா இல்லாமலேயே என் பாத்திகள் விளைந்தன, ஏனென்றால் அதற்கு முந்திய இரண்டு மாரியிலும் நான் குப்பை சேர்த்திருந்தேன். கூட்டெரு அவசரத்துக்கு வராது. இந்த மாரியில் குவித்தது அடுத்த பயிருக்குத்தான்.

காய்ந்த சருகு மூன்று பங்கு, பச்சைக் குழையும் சமையலறைக் கழிவும் ஒரு பங்கு, இடையிடையே மாட்டுச்சாணி கரைத்த தண்ணீர். மார்பளவு குவித்து, நடுவில் ஒரு இரும்புக் கம்பி குத்தி விடுங்கள். நாலைந்து நாளில் கம்பியை இழுத்துத் தொட்டால் சுட வேண்டும். சுடவில்லை என்றால் பச்சை போதாது அல்லது ஈரம் கூடிவிட்டது. மாரியில் ஈரம் கூடுவதுதான் வழக்கமான பிழை. தறப்பாளால் மூடாத குவியல் நாற்றமெடுத்து, சத்தெல்லாம் கரைந்து நிலத்துக்குள் போய்விடும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை புரட்டினால் மூன்று மாதத்தில் மண் வாசம் வரும். ஒரு சதுர யாருக்கு ஒரு வாளி என்று பாத்தியில் கலந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு முற்றத்துக்கு மேற்கே அந்தப் பங்கர் கிடங்கு இருந்தது. என் கணவர் வெட்டியது. 2009 தை மாதம் நாங்கள் வெளிக்கிட்டபோது அதற்குள் ஒரு பாயும் தண்ணீர்க் கானும் விட்டுவிட்டுப் போனோம். அவரைப் பற்றி இன்றுவரை எங்களுக்குப் பதில் இல்லை. திரும்பி வந்த பிறகு கூரை விழுந்து கிடங்கு மட்டும் மிஞ்சியது. மாரி தோறும் தண்ணீர் நிரம்பும், நுளம்பு பெருகும். டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் இரண்டு தடவை எச்சரித்துவிட்டுப் போனார்கள். நிரவுவோம் என்று நான் கேட்டபோது மாமி ஒரே சொல்லாகச் சொன்னார்: “அவன் வந்து மூடட்டும்.” அதற்கு மேல் நான் கதைக்கவில்லை.

செய்தது இவ்வளவுதான். தண்ணீர் நிற்காதபடி கிடங்கின் ஒரு பக்கத்தை வெட்டி, பதிந்த பக்கத்துக்கு வாய்க்கால் எடுத்தேன். சுற்றி விளிம்பில் நாலு இதரை வாழைக் கன்று வைத்தேன். முற்றம் கூட்டும் சருகை மாமிதான் ஒவ்வொரு நாளும் அள்ளுவார். எங்கே கொட்டுவது என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. ஒரு நாள் கடகத்தோடு போய்க் கிடங்குக்குள் கொட்டினார். உக்க உக்கச் சருகு கீழே இறங்கும், மாமி மேலே கொட்டுவார். ஆளுயரம் இருந்த கிடங்கு இப்போது முழங்காலளவு. எங்கள் வளவில் ஆகப் பெரிய வாழைக்குலைகள் அங்கேதான் வருகின்றன.

நாற்றும் விதையும்

மாரி நாற்றுமேடையில் முதல் எதிரி அழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற மிளகாய் நாற்று இன்று அடித்தண்டு சுருங்கிப் படுத்துவிடும். மேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து மண்ணைத் துப்புரவாக்குவது விவசாயத் திணைக்களம் சொல்லும் முறை. மேலே சொன்ன காரணத்தால் நான் நிலத்தில் எரிப்பதில்லை. பாதியாக வெட்டிய பரலில் மண்ணும் மணலும் உக்கிய எருவும் சமமாகக் கலந்து, கொதிதண்ணீர் ஊற்றி ஆறவிட்டு அதில்தான் விதைப்பேன். மேலே மழை படாமல் வெள்ளைப் பொலித்தீன் கூரை. பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். காற்று வராவிட்டால் திரும்பவும் அழுகல்தான். தக்காளி மூன்று நாலு கிழமையில், கத்தரி நாலு கிழமையில், மிளகாய் ஐந்து கிழமையில் நடலாம். யோகட் கப்பும் சிரட்டையும் நல்ல நாற்றுச் சாடிகள், ஆனால் அடியில் துளை போடுங்கள். துளையில்லாத சிரட்டையில் நாற்று அழுகும், நுளம்பு வளரும்.

விதை வாங்கக் கடன் எடுக்காதீர்கள் என்பது என் சொந்தப் புத்தி. நாட்டுக் கத்தரி, வெண்டி, பயற்றை, மிளகாய், பூசணி எல்லாவற்றிலும் நல்ல செடியின் நல்ல காயை முற்றவிட்டு எடுத்தால் அடுத்த வருடத்துக்குக் காணும். கடையில் வாங்கிய கலப்பினப் பழத்திலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. காய்ந்த விதையைச் சாம்பல் கலந்து, மூடி இறுகிய போத்தலில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். விதைக்க முன்னர் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஏழாவது முளைக்கவில்லை என்றால் அந்தப் போத்தலை நம்ப வேண்டாம்.

எதை எப்போது என்று கேட்டால்: ஐப்பசி, கார்த்திகையில் வெண்டி, பயற்றை, கத்தரி, புடோல், பாகல். பசளியும் பொன்னாங்காணியும் மழைக்குத் தாங்கும். முளைக்கீரையைப் பெருமழை அடித்து மண்ணோடு படுக்க வைத்துவிடும், அதை மழை குறைய விதையுங்கள். தக்காளிக்கு இரவுக் குளிர் வேண்டும். தைப் பனியில் பூக்கும்படி கார்த்திகைக் கடைசியில் நாற்றுப் போட்டால் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும். வைகாசியில் பூத்த தக்காளி பூவை உதிர்த்துவிட்டு நிற்கும். 2022 ஜூனில், நாடு பட்டினி கிடந்த நேரம், வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். தெற்கில் அது மழைக்காலம். எங்களுக்குச் சோளகக் காற்று வீசி, கிணறு அடி காணும் காலம். கொழும்புக் கலண்டரைப் பார்த்து வன்னியில் விதை போட முடியாது.

வடக்கிலிருந்து அடிக்கும் வாடைக்காற்றையும் கணக்கில் எடுங்கள். 2022 டிசெம்பரில் வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் செத்தது பலருக்கு நினைவிருக்கும். என் நாற்றுகளைக் கெடுத்தது குளிரை விடக் காற்றுத்தான். வடகிழக்குப் பக்கத்தில் கிடுகு மறைப்பு ஒன்று போட்ட பாத்தி தப்பியது.

வேலியையும் மாரியில்தான் திருத்த வேண்டும். கிளுவை, கிளிரிசிடியா, பூவரசுக் கதிகால்கள் ஈரத்தில் வேர்விட்டுக்கொள்ளும். தையில் நட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும். கட்டாக்காலி மாட்டுக்குக் கதிகால் வேலி காணும். குரங்குக்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. வேலியோரம் கிழங்கு கிண்டும்போது கார்த்திகைப் பூக் கொடியின் கிழங்கை மட்டும் பார்த்து விலக்குங்கள். கலப்பை போலக் கிளைத்திருக்கும், கடும் நஞ்சு. பிள்ளைகள் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து எடுத்துவிடுவார்கள்.

நத்தை பிரச்சினையாக இருந்தால் இரவில் ஈரச் சாக்கைப் பாத்தி ஓரம் போட்டு, அதற்குக் கீழே பப்பாசி இலை வையுங்கள். விடிய அங்கேதான் கூடியிருக்கும். சொப்பிங் பாக்கைக் கையில் மாட்டிப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, பிறகு புதைத்துவிடுங்கள். நிலத்தில் உப்புக் கொட்டினால் மண் கெடும். பூச்சிக்கு, இடித்த வேப்பங்கொட்டை 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, மழையில்லாத பின்னேரம் தெளிக்கலாம். மிளகாய் இலை சுருண்டு குருமன் பிடித்த செடியை மருந்தடித்துக் காப்பாற்ற நினைக்காமல் பிடுங்கிவிடுங்கள்.

காலில் புண்ணோடு சேற்றுக்குள் இறங்காதீர்கள். மாரியில் எலிக்காய்ச்சல் பரவுகிறது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் ஆட்கள் இறந்ததைக் கண்டோம். காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், சேற்றில் வேலை செய்ததையும் சொல்லுங்கள். விடியப்புறம் தோட்டத்துக்குப் போவதென்றால் ரோச் லைற்றும் சப்பாத்தும். புடையனுக்கும் சருகுக் குவியல் பிடிக்கும்.

கடைசி வேலை தையில். மழை விட்டு, மண் ஈரமாக இருக்கும் அந்தப் பத்து நாளுக்குள் பாத்திகளையெல்லாம் மூடிவிட வேண்டும். வைக்கோல், சருகு, பனையோலை, பிடுங்கிய களை, எது கிடைத்தாலும் நாலு விரல் தடிப்புக்கு. செடியின் தண்டோடு ஒட்டாமல் சற்று விலக்கிப் போடுங்கள். இதைச் செய்த பாத்திக்கு நான் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றும்போது, மூடாத பாத்தி ஒவ்வொரு நாளும் கேட்கும். சருகு போதாமல் போவதுதான் எனக்கு வழக்கம். போன தையில் மூன்றாவது பாத்திக்கு வந்தபோது முடிந்துவிட்டது. பங்கர் கிடங்கில் மேலே கிடந்த காய்ந்த சருகில் இரண்டு கடகம் அள்ளட்டுமா என்று மாமியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அள்ளு, நான் பிறகு கூட்டிப் போடுறன்” என்றார்.